தயிர்சாதம் இல்லாமல் 12 நாள்: பையனின் முதல் நீண்ட மலைநடை

2024 ஜனவரி 9. வாசகி ஒருவரின் கேள்வி

"பையனுக்கு மார்ச்சில் 14 முடிகிறது. அவனுடைய சாரணர் குழுவில் ஒருவன் விலகிக்கொண்டதால் இந்த ஜூலையில் ஃபில்மாண்ட் என்கிற சாரணர் மலைமுகாமுக்குப் போக இவனுக்கு இடம் வந்திருக்கிறது. நியூ மெக்சிகோ மலையில் 12 நாள், முதுகில் மூட்டையோடு. ஃபோன் எடுக்காதாம். இவன் சைவம். ராத்திரி தயிர்சாதம் இல்லாவிட்டால் தூங்க மாட்டான். இதுவரை டென்டில் சேர்ந்தாற்போல் இரண்டு இரவு படுத்ததில்லை. கரடி வேறு இருக்கிறதாம். வீட்டுக்காரர் 'நானும் கூடப் போகிறேன்' என்கிறார். போய்வந்தவர்கள் இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள், அனுப்பலாமா?"

ஜனவரி 9, இரவு 11:40

அனுப்புங்கள். 2023 ஜூலையில் என் மகனோடு போய்வந்தேன். அவனுக்கு அப்போது 14, எனக்கு 46. நியூ ஜெர்சியிலிருந்து ஏழு பையன்கள், மூன்று அப்பாக்கள். மொத்தம் 73 மைல். பால்டி மலை ஏறினோம், 12,441 அடி. உச்சியில் நின்றால் தென்மேற்கே ஈகிள் நெஸ்ட் ஏரி நீலக் கண்ணாடிச் சில்லு மாதிரி கீழே கிடக்கும், அதற்கும் பின்னால் வீலர் சிகரம். அதைப் பார்ப்பதற்காகவே போகலாம்.

வீட்டுக்காரரும் போகட்டும். நல்ல அனுபவம்.

சாப்பாடு பற்றிப் பிறகு எழுதுகிறேன். ஷூவை மட்டும் இந்த வாரமே வாங்கிவிடுங்கள்.

ஜனவரி 10

ஏன் ஷூ என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் ஜூன் மாதம் வாங்கினோம், அதனால்.

கடையில் காலுக்குக் கச்சிதமாக இருந்தது. அதுதான் தப்பு. இறக்கத்தில் 30 பவுண்டுச் சுமையோடு இறங்கும்போது பாதம் முன்னால் நழுவி நழுவி விரல் நுனி ஷூவில் இடிக்கும். ஐந்தாம் நாள் அவனுடைய பெருவிரல் நகம் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்து நகமே விழுந்தது. அரை சைஸ் பெரிதாக வாங்குங்கள். கம்பளிக் காலுறை மூன்று ஜோடி. பருத்திக் காலுறை ஒன்றுகூட வேண்டாம், ஈரம் காயாது, கொப்புளம் நிச்சயம். வாங்கிய நாளிலிருந்து பள்ளிக்கும் அதையே போட்டுப் போகட்டும்.

பருத்தி எதுவுமே வேண்டாம். என் அம்மா ஊரிலிருந்து அனுப்பிய துண்டை நான் எடுத்துப் போனதும் வீண்தான்.

ஜனவரி 12

சாப்பாடு.

தயிர்சாதம் கிடைக்காது. அதைப் பையனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், அங்கே போய்த் தெரிய வேண்டாம்.

இரண்டிரண்டு பேருக்கு ஒரு பையாகச் சாப்பாடு தருகிறார்கள். காலையும் மதியமும் அடுப்பு பற்றவைக்கிற வேலை இல்லை: பிஸ்கட், சீஸ், வேர்க்கடலை வெண்ணெய், கிரானோலா பார், நடுவில் ஒரு உலர்ந்த இறைச்சிக் குச்சி. இரவுக்கு மட்டும் வெந்நீர் ஊற்றிக் கிளறுகிற உலர் உணவு, பெரும்பாலும் கோழியோ மாடோ கலந்தது. எதில் என்ன இருக்கிறது என்ற பட்டியலை முன்கூட்டியே வெளியிட்டுவிடுவார்கள். அதைப் பார்த்து, ஆகாத வேளைக்கு மட்டும் மாற்றுப் பொட்டலம் கட்டி, பெயரும் நாளும் எழுதி அங்கே போனதும் கொடுத்தால், வழியில் சாப்பாடு வாங்குகிற முகாம்களுக்கு அவர்களே அனுப்பிவைப்பார்கள். 12 நாள் சோற்றையும் முதுகில் சுமக்க வேண்டியதில்லை. மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை வாங்கிக்கொள்ளலாம்.

என் மனைவி முதலில் கட்டியது அரிசியும் பாசிப்பருப்பும். பின்கட்டில் கேஸ் அடுப்பை வைத்துச் சோதித்தோம், பொங்கல் பிரமாதமாக வந்தது. டென்வரில் இருந்துவந்த அலுவலக நண்பர் ஒருவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். 9,000, 10,000 அடியில் தண்ணீர் 90 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கும், பருப்பு மட்டும் பருப்பாகவே இருக்கும்.

அவல்தான் வழி. கெட்டி அவல், வெந்நீர் ஊற்றி மூடிவைத்தால் பத்து நிமிடம். அதில் புளியோதரைப் பொடி, வறுத்த வேர்க்கடலை. இன்னொரு நாள் பருப்புப் பொடி. மோர் மிளகாயை வீட்டிலேயே வறுத்து நொறுக்கி ஒரு சின்ன டப்பா. ஏழு பையன்களில் நான்கு பேர் கடைசி வாரம் எங்கள் அவலுக்கு இறைச்சிக் குச்சியைப் பண்டமாற்றுக் கேட்டார்கள். நமக்கு அது எதற்கு?

ஒரு எச்சரிக்கை: எல்லாருடைய உணவையும் ஒரே பானையில் கொட்டிக் கிளறிவிடுவார்கள். அதற்கு முன்னால் வெந்நீரைத் தன் கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ள வேண்டும். முதல் இரவு கூச்சப்பட்டுக்கொண்டு கேட்காமல் இருந்துவிட்டு, என் மகன் பிஸ்கட் தின்று படுத்தான்.

ஜனவரி 12, கொஞ்ச நேரம் கழித்து

'பொடி' என்று எழுதியிருக்கிறேன். நாங்கள் உண்மையில் எடுத்துப் போனது புளிக்காய்ச்சல். எண்ணெய் பிரிய வற்றக் காய்ச்சி, இரண்டு ஜிப் பைக்குள் போட்டு, ஸ்லீப்பிங் பேக் பக்கத்தில் பத்திரமாகச் செருகியிருந்தோம். விமானத்தில் பை உப்பிப் பிளந்துவிட்டது.

அங்கே போனதும், முதல் சில நாள் கூட வந்து பழக்கிவிடுகிற ரேஞ்சர் ஒவ்வொருவர் மூட்டையையும் பிரித்துப் பார்ப்பார். எங்களுக்கு வந்தவர் கல்லூரியில் படிக்கிற பெண், இருபது வயது இருக்கும். இவன் பையைத் திறந்ததும் ஓரடி பின்னால் போனார். நல்லெண்ணெயும் பெருங்காயமும். 'இது என்ன?' என்று கேட்டார். பெருங்காயத்தை எப்படி விளக்குவது? 'மரப்பிசின்' என்றேன். 'இதை வைத்துக்கொண்டு நீங்கள் இரவு டென்டுக்குள் தூங்க முடியாது' என்றார். ஸ்லீப்பிங் பேக்கின் உறையை மூன்று முறை சோப்புப் போட்டு அலசினோம். உள்ளே இறங்கியிருந்தால் அந்தப் பையையே மாற்ற வேண்டியிருந்திருக்கும்.

ஆகவே பொடி.

ஜனவரி 15

கரடி. நாங்கள் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தது எல்லாம் அணில் சாதி. அங்கே அவற்றுக்கு 'மினி பேர்' என்று பெயர், குட்டிக் கரடி. கடலைக்காகப் பையை ஓட்டை போடுகிறவை அவைதான்.

ஆனால் கரடிக்காகச் செய்கிற ஏற்பாடு அசாத்தியம். மணக்கிற சாமான் எதுவும் இரவில் டென்டுக்குள் இருக்கக் கூடாது. சாப்பாடு மட்டுமில்லை, பற்பசை, சோப்பு, சன்ஸ்கிரீன், உதட்டுக்குப் பூசுகிற மெழுகு, மருந்து, குப்பை. எல்லாவற்றையும் சாக்குகளில் போட்டு, இரண்டு மரத்துக்கு நடுவே உயரத்தில் கட்டியிருக்கிற கம்பியில் கயிறு போட்டுத் தொங்கவிட வேண்டும். பத்துப் பேர் சாமான் என்றால் கிணற்றில் இறைக்கிற மாதிரி நாலு பேர் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும்.

முதல் இரவு ரேஞ்சர் 'எல்லாம் போட்டாயிற்றா?' என்று கேட்டார். ஆயிற்று என்றோம். 'இன்னொரு முறை ஜேபியைப் பாருங்கள்.' என் ஜேபியில் கோடாலி தைலம். அதை மோந்து பார்த்த பையன் ஒருவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் மகன் ஜேபியில் அவன் அம்மா கொடுத்த பழனி விபூதிப் பொட்டலம். 'இது சாம்பல்' என்றான். ரேஞ்சர் மோந்து பார்த்துவிட்டு, 'மணக்கிறதே' என்றார். முருகன் மலையில் இருந்த அத்தனை இரவும் மாட்டிறைச்சிக் குச்சிகளோடு கம்பியில் தொங்கினார்.

மணத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும். தாழ்வான இடங்களில் பாண்டெரோசா என்கிற பைன் மரங்கள் நிற்கும், செம்மண் நிறப் பட்டை, பாளம் பாளமாக வெடித்திருக்கும். அந்த வெடிப்பில் மூக்கை வைத்தால் வெயில் நேரத்தில் வெனிலா வாசனை. சத்தியமாக. ஏழு பையன்களும் ஆளுக்கொரு மரத்தைக் கட்டிக்கொண்டு மோந்து நின்ற படம் என்னிடம் இருக்கிறது.

ஜனவரி 21

ஒருவர் எழுதியிருக்கிறார்: "சாரணர் என்றால் குடியரசு தினத்தன்று காக்கி போட்டு அணிவகுப்பதுதானே, இது என்ன மலையேற்றப் படையா?"

நானும் அந்தக் காக்கிதான். தமிழ்நாட்டில் அரசு உதவி பெறும் பள்ளி, எண்பதுகளின் கடைசி. கழுத்தில் ஸ்கார்ஃப், கையில் விசில். திருவிழாக் கூட்டத்தில் தண்ணீர் ஊற்றினோம். வருடத்துக்கு ஒருமுறை பள்ளி மைதானத்திலேயே டென்ட். எங்கள் சாரண ஆசிரியர் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் தடக் குறிகள் போட்டுக் கற்றுக்கொடுத்தார். அம்புக்குறி என்றால் இந்த வழி. பெருக்கல் குறி என்றால் இந்த வழி இல்லை. வட்டத்துக்குள் புள்ளி என்றால் வீட்டுக்குப் போய்விட்டேன். கென்யாவில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் கல்லறையில் இருப்பதும் அந்த வட்டமும் புள்ளியும்தான் என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது. மலை மட்டும் எங்களுக்கு வாய்க்கவில்லை.

இங்கே எப்படி வாய்த்தது என்றால், வெயிட் ஃபிலிப்ஸ் என்ற எண்ணெய் முதலாளி தன் மலை நிலத்தை 1938இலும் 1941இலும் சாரணர் இயக்கத்துக்கு எழுதிக்கொடுத்தார். பிறகு சேர்ந்ததும் சேர்த்து இப்போது 1,40,000 ஏக்கர் சுமார். கூடவே டல்சா நகரில் பல மாடிக் கட்டடம் ஒன்றையும் கொடுத்தார், அதன் வாடகை வந்தால் பராமரிப்புக்கு ஆகும் என்று. நம் கோயில்களில் விளக்கெரிக்க நிலம் விட்டு நிவந்தம் வைப்பார்களே, அதே கணக்கு.

பிப்ரவரி 3

கேள்வி கேட்டவர் "வீட்டுக்காரர் அங்கே என்ன செய்ய வேண்டியிருக்கும்?" என்று கேட்டிருக்கிறார். சும்மா இருக்க வேண்டியிருக்கும். அங்கே ஆகக் கஷ்டமானது அதுதான்.

மூன்றாம் நாள் ரேஞ்சர் விடைபெற்றுப் போய்விடுவார். பிறகு வழி பார்ப்பது, எங்கே நிற்பது, யார் பாத்திரம் கழுவுவது எல்லாம் பையன்கள் பாடு. எங்கள் குழுத் தலைவனுக்கு 16 வயது. அப்பாக்கள் வரிசையின் கடைசியில் நடக்க வேண்டும். ஆபத்து என்றால் ஒழிய வாய் திறக்கக் கூடாது.

நான்காம் நாள் வழி பார்க்கிற முறை என் மகனுக்கு. ஓரிடத்தில் பாதை பிரிந்தது. இடது கிளை மேலே ஏறியது, வலது கிளை ஓடையை ஒட்டிச் சமமாகப் போனது. அவன் சமமான வழியைப் பிடித்தான். யாராக இருந்தாலும் அதைத்தான் பிடிப்பார்கள், காலை பத்து மணிக்கே வெயில். என்னிடம் இன்னொரு வரைபடம் இருந்தது. தப்பு என்று தெரிந்துவிட்டது. பக்கத்து அப்பா என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. 45 நிமிடம் நடந்தோம், ஒரு வார்த்தை பேசவில்லை.

திடீரென்று அவன் நின்றான். வரைபடத்தை ஒரு பாறைமேல் விரித்து, காம்பஸை அதன்மேல் வைத்து, முழங்காலிட்டுப் பார்த்தான். ஓடை நமக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும், வலப்பக்கம் இருக்கிறது. எழுந்து திரும்பி, 'நான் தப்பாகக் கூட்டி வந்துவிட்டேன்' என்று எல்லாரிடமும் சொன்னான். ஒருவனும் திட்டவில்லை. 'அப்படியானால் அந்த ஏற்றம் நமக்குத்தானா?' என்று மட்டும் ஒருவன் கேட்டான்.

பிரிவுக்குத் திரும்பி வந்ததும் இரண்டு குச்சியை எடுத்து வலது கிளைமேல் குறுக்கே போட்டான், பெருக்கல் குறி. நான் வீட்டுக் கொல்லையில் சொல்லிக்கொடுத்தது. தலைவன் வந்து காலால் தள்ளிவிட்டான். மலையில் நம் தடயம் எதுவும் விடக் கூடாது என்பது இவர்கள் சட்டம். சரிதான். ஆனாலும் எனக்கு அந்த இரண்டு குச்சி போதும்.

பிப்ரவரி 5

மகன் இதைப் படித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளி புண்ணியத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறான், இரண்டு நாள் ஆனது. திருத்தங்கள்:

45 நிமிடம் இல்லை, 20. அவன் கையில் கடிகாரம் இருந்தது, எனக்கு இல்லை.

நான் சும்மா இருந்ததாக எழுதியது பொய். "அப்பா, நீங்க மூணு தடவ கனைச்சீங்க. மூணாவது தடவதான் நான் மேப்ப எடுத்தேன்."

கனைத்தேனா? தூசியாக இருக்கலாம் என்றேன். அவன் பதில் சொல்லவில்லை.

பிப்ரவரி 6

இன்னொரு திருத்தம். இது அவன் கேட்டது இல்லை. நேற்று அவன் முதல் குறிப்பைப் படித்தபோது 'ஏறினோம்' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான், அவ்வளவுதான்.

பால்டியில் நாங்கள் ஏறவில்லை. குழு ஏறியது. அவனும் நானும் கீழே முகாமில் இருந்தோம். ஈகிள் நெஸ்ட் ஏரியை நான் பார்த்தது தலைவன் எடுத்த படத்தில். நீலக் கண்ணாடிச் சில்லு என்பதெல்லாம் அந்தப் படத்தைப் பார்த்து எழுதியது.

முந்தின நாள் மாலை பத்தாயிரம் அடிக்கு மேல் உள்ள முகாமுக்கு வந்து சேர்ந்தோம். இவனுக்குத் தலைவலி. சாப்பாடு வேண்டாம் என்றான். இரண்டு முறை வாந்தி. உயரத்தால் வருவது, தண்ணீர் குறைவாகக் குடித்திருந்தால் இன்னும் சீக்கிரம் வரும், இவன் அன்று ஒரு பாட்டிலை முடிக்கவே இல்லை. முகாம் ஊழியர் வந்து பார்த்தார். தலைவலி இருக்கும்வரை மேலே ஏறக் கூடாது, கூடினால் உடனே கீழே இறக்க வேண்டும் என்றார். இரவில் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டும் போனார்.

அப்போது நான் சொன்னது: 'காலையில சரியாயிடும், பாத்துக்கலாம்.' 1,800 மைல் பறந்து வந்திருக்கிறோம், உச்சியில் நின்று ஒரு படம் எடுக்காமலா என்று மனதுக்குள் ஓடியது. பதினாறு வயதுத் தலைவன்தான் டென்ட் வாசலில் குந்தி உட்கார்ந்து, 'நீ நாளைக்கு வரவேண்டாம், தூங்கு' என்று அவனிடம் சொன்னான். என்னிடம் சொல்லவில்லை, அவனிடம் சொன்னான். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினார்கள். பிற்பகலில் இடி மின்னல் அநேகமாகத் தினமும் வரும், அதற்குள் உச்சியிலிருந்து இறங்கிவிட வேண்டும். நெற்றி விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மரங்களுக்குள் போவதை நான் டென்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஒன்பது மணிக்கு எழுந்து பசிக்கிறது என்றான். அவல் ஊறவைத்தேன். வெயிலில் ஒரு மரக்கட்டைமேல் உட்கார்ந்து தின்றான், தலையில் சிவப்புத் தொப்பி. ஒரு ஹம்மிங்பேர்ட் வந்தது. முதலில் சத்தம்தான், வண்டிச் சக்கரத்தில் கம்பி உரசுகிற மாதிரி. அப்புறம் அவன் நெற்றிக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில், அந்தரத்தில் நின்றது. தொப்பியைப் பூ என்று நினைத்துவிட்டது. இவன் கரண்டியை வாயில் வைத்தபடி அசையாமல் இருந்தான். மூன்று நொடி, நாலு நொடி. தேன் இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டது. அன்றைக்குள் இன்னும் இரண்டு முறை வந்து ஏமாந்தது.

முதல் குறிப்பை அழிக்கவில்லை. கிடக்கட்டும்.

பிப்ரவரி 8

'அப்படியானால் போனது தண்டமா?' என்று கேட்டவருக்கு: இல்லை.

பிப்ரவரி 25

கழிப்பறை பற்றித் தனிச் செய்தியில் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். வெளிப்படையாகக் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

காட்டுக்குள் ஒரு மரப்பெட்டி, மேலே இரண்டு துளை. சிலவற்றுக்குச் சுவர் கிடையாது. இரண்டு துளையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் 'பைலட், கோ-பைலட்'. முதுகுக்கு முதுகாக இருந்தால் 'பைலட், பாம்பார்டியர்', அதாவது விமானியும் குண்டு போடுகிறவரும். என் மகன் முதல் நாள் பார்த்துவிட்டு 12 நாளும் போகப் போவதில்லை என்று அறிவித்தான். மூன்றாம் நாள் கொள்கையை மாற்றிக்கொண்டான். நமக்குத் தண்ணீர் வேண்டும், அதற்கென்று பீய்ச்சுகிற மூடி போட்ட சின்ன பாட்டில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், குடிக்கிற பாட்டிலோடு கலக்காத நிறத்தில். கைக்கு சானிடைசர். அதுவும் மணக்கும், அதுவும் கரடிச் சாக்குக்குள்.

பாத்திரம் கழுவுகிற தண்ணீரையும் கண்ட இடத்தில் கொட்ட முடியாது. வலை போட்ட ஒரு குழாய் நட்டிருக்கும், அதில்தான் ஊற்ற வேண்டும். வலையில் தங்குகிற பருக்கைகளை எடுத்துக் குப்பையோடு சுமக்க வேண்டும். பருக்கையைச் சுமக்க யாருக்கு ஆசை? அதனால் கிண்ணத்தை வழித்து நக்கி, தண்ணீர் ஊற்றிச் சுழற்றிக் குடித்துவிடுவார்கள். மற்ற பையன்கள் முகம் சுளித்தார்கள். என் தாத்தா தினமும் தட்டில் தண்ணீர் ஊற்றிக் குடிப்பார், இவன் வீடியோவில் பார்த்திருக்கிறான், சட்டென்று செய்துவிட்டான். வள்ளுவர் இலைப் பக்கத்தில் ஊசியும் கிண்ணத்தில் தண்ணீரும் வைக்கச் சொன்ன கதையை அன்றிரவு அவர்களுக்குச் சொன்னேன். ஒருவனுக்கும் சுவாரசியப்படவில்லை. ஊசியின் எடை எவ்வளவு என்று ஒருவன் கேட்டான்.

மார்ச் 17

துண்டைப் பற்றி ஜனவரியில் எழுதியது அநியாயம். இன்று சலவைக்குப் போட எடுத்தபோதுதான் ஞாபகம் வந்தது. அது ஈரோட்டு ஈரிழைத் துண்டு, எடையே இல்லை. நியூ மெக்சிகோவின் காய்ந்த காற்றில் அரைமணியில் உலர்ந்துவிடும். வெயிலுக்குத் தலையில், சூடான பானை பிடிக்க, இவன் முழங்கால் சிராய்ப்பில் ரத்தம் துடைக்க, ஐந்தாம் நாளுக்கு மேல் தலையணை உறையாக, எல்லாவற்றுக்கும் அதுதான். 200 டாலர் கொடுத்து வாங்கிய மழைச்சட்டையைவிட அதிகம் உழைத்தது. துண்டு எடுத்துப் போங்கள். மற்றப் பருத்தி வேண்டாம் என்பது அப்படியே நிற்கிறது.

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்தெல்லாம் பிறகு. கேள்வி கேட்டவர் பையன் ஒத்திகை நடை போய்வந்திருக்கிறானாம். எடை 105 பவுண்டு, பை 38. அதிகம்.

உடல் எடையில் நாலில் ஒரு பங்கு நல்லது, எப்படிப் போனாலும் முப்பது சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 105க்கு 31. இதில் பொதுச் சாமானும் (டென்டில் பாதி, பானை அல்லது கயிறு), நாலு நாள் சாப்பாடும், தண்ணீரும் சேர்த்தி. ஒரு லிட்டர் தண்ணீரே இரண்டு பவுண்டுக்கு மேல். அன்றிரவு தங்குகிற இடத்தில் தண்ணீர் இல்லை என்றால் நாலு லிட்டர் தூக்க வேண்டும். ஆகவே வீட்டில் கட்டும்போது, தண்ணீரும் சாப்பாடும் இல்லாமல் 18க்கு மேல் போகவே கூடாது.

எங்கள் முதல் ஒத்திகை டெலவேர் வாட்டர் கேப்பிலிருந்து சன்ஃபிஷ் பாண்ட் வரை, அப்பலாச்சியன் தடத்தில் ஏறத்தாழ நாலு மைல் ஏற்றம். இவன் பையில் இருந்து பிறகு வெளியே வந்தவை: மூன்று ஜீன்ஸ், ஹார்ட்பவுண்ட் புத்தகம், முழு ஷாம்பு பாட்டில், இரண்டாவது டார்ச், முதல் டார்ச்சுக்கும் இரண்டாவதுக்கும் பேட்டரி. என் பையில் இருந்தது: மடக்கு நாற்காலி. அதை நான் ஃபில்மாண்டுக்கும் எடுத்துப் போனேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

மே 30

வீட்டுக்காரர் விஷயத்துக்கு மறுபடி வருகிறேன். ஜனவரியில் 'போகட்டும்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டேன்.

முதலில் சடங்கு: மருத்துவப் படிவம் பெரியவர்களுக்கும் உண்டு, ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், 295 பவுண்டுக்கு மேல் இருந்தால் மலைக்கு விடமாட்டார்கள். அது எளிய பகுதி.

மகனிடம் நேராகக் கேட்டேன், நான் வந்தது நல்லதா என்று. காரில் போகும்போது கேட்டேன், முகம் பார்க்க வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் யோசித்தான். தலைவலி ராத்திரிக்கு நல்லது என்றான். மற்ற நாட்களுக்கு? "மத்த நாள்லாம் நீங்க அடுத்த க்ரூல இருந்திருக்கலாம்."

அது உண்மையிலேயே நடைமுறையில் உள்ளது. ஒரு ஊரிலிருந்து இரண்டு குழுக்கள் போனால் அப்பாவை ஒன்றிலும் பையனை இன்னொன்றிலும் போடுவார்கள். தடம் வேறு, முதல் நாளும் கடைசி நாளும் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் குழுவில் அப்படி வசதி இருந்தால் வீட்டுக்காரர் அதைக் கேட்கட்டும். இல்லாவிட்டால் கனைப்பதற்கு வேறு ஊர் பார்க்கட்டும்.

ஜூன் 28

அடுத்த வாரம் கிளம்புகிறார்களாம். கடைசி நாள் டூத் ஆஃப் டைம் வழியாக இறங்குவதாக இருந்தால் ஒன்று சொல்லிவிடுங்கள். பல் மாதிரி துருத்திக்கொண்டு நிற்கிற பாறை, 9,003 அடி. அந்த முகட்டிலிருந்து அடிவார முகாமின் டென்டுகள் கீழே வரிசையாகத் தெரியும், எட்டிப் பிடிக்கலாம் போல. தெரிந்த பிறகும் மணிக்கணக்கில் நடக்க வேண்டியிருக்கும். எங்கள் பையன்கள் அங்கேதான் முதல்முறையாகச் சண்டை போட்டுக்கொண்டார்கள், கடைசி மிட்டாய்ப் பொட்டலத்துக்கு.

தண்ணீர். தாகம் இல்லாவிட்டாலும். அதை இரண்டு முறை சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 4

அந்த அம்மா எழுதியிருக்கிறார்: பையன் வந்துவிட்டான். நாலு பவுண்டு இளைத்து, கழுத்து கறுத்து. பால்டி ஏறியிருக்கிறான். வந்து முதலில் கேட்டது தயிர்சாதம் இல்லை, ஐஸ் போட்ட தண்ணீர். வீட்டுக்காரர் கடைசியில் போகவில்லையாம், ஃபீனிக்ஸில் அலுவலக வேலை வந்துவிட்டதாம். நல்லது.

அந்த அம்மா என்னிடம் கேட்ட ஒரே கேள்வி: "நானும் விபூதி கொடுத்து அனுப்பியிருந்தேன். திரும்பி வந்த பொட்டலம் ஒரு மாதிரி வாடை அடிக்கிறது. உங்களுடையது எப்படி?"

எங்களுடையதும்தான். அத்தனை இரவும் இறைச்சிக் குச்சியோடும் புதினாப் பற்பசையோடும் ஒரே சாக்கில். வீட்டுக்கு வந்து பிரித்தபோது பழனியும் பெப்பரோனியும் சரிபாதி. தூக்கிப் போட மனம் வரவில்லை, பூஜை அலமாரியில் பழைய டப்பாவிலேயே கொட்டிவைத்துவிட்டேன். ஒரு வருடமாகக் குடும்பம் முழுக்க அதைத்தான் பூசிக்கொள்கிறோம். என் மனைவிக்குத் தெரியாது. அவள் இந்தப் பக்கமெல்லாம் படிப்பதில்லை.

ஆகஸ்ட் 6

படிக்கிறாள்.